"கியர்பாக்ஸ் போச்சு" என்றால் அதில் எது போச்சு?

என் வண்டி 2014 மாடல் பெட்ரோல் செடான், ஆறு கியர் ஆட்டோமேட்டிக். 92,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. பரனூர் டோல்கேட் தாண்டி ஒரு லாரியை ஓவர்டேக் செய்ய மிதித்தபோது ஆர்.பி.எம். முள் 2,500-லிருந்து 4,000-க்கு எகிறியது, வண்டி மட்டும் அதே 70-இல் போய்க்கொண்டிருந்தது. அப்புறம் முதுகில் குத்தியது மாதிரி ஓர் உதறல், டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு, அதற்குப் பிறகு வீடு வரை மூன்றாவது கியரை விட்டு அது நகரவே இல்லை. மறுநாள் வொர்க்‌ஷாப்பில் விட்டேன். அரை மணி நேரத்தில் தீர்ப்பு வந்துவிட்டது: "பாக்ஸ் போயிடுச்சு சார், அசெம்ப்ளியா மாத்திடலாம்." முழுப் பெட்டியையும் மாற்ற இரண்டு லட்சத்து நாற்பதாயிரம், ஜி.எஸ்.டி. தனி. வண்டியை நல்ல நிலையில் விற்றாலே நாலரை லட்சம்தான் வரும்.

கடைசியில் எனக்கு ஆன செலவு 31,000 ரூபாய். இதைக் கேட்டு எல்லா கியர்பாக்ஸும் முப்பதாயிரத்தில் முடிந்துவிடும் என்று நினைத்துவிடாதீர்கள், என் மச்சான் வண்டிக்கு அப்படி நடக்கவில்லை, அதையும் கீழே சொல்கிறேன். ரிப்பேரா, மாற்றுவதா என்று நாம் மண்டையை உடைத்துக்கொள்வதற்கு முன்னால் உள்ளே எந்தச் சாமான் கெட்டிருக்கிறது என்று யாராவது பார்த்திருக்க வேண்டும், அந்த ஒரு வேலையைத்தான் பல இடங்களில் தாண்டிப் போய்விடுகிறார்கள். எல்லோரும் ஏமாற்றுகிறார்கள் என்று சொல்லவில்லை. ஆட்டோமேட்டிக் பெட்டியைத் திறந்து சரிசெய்யத் தூசியில்லாத மேசையும், பொறுமையும், அது தெரிந்த ஆளும் வேண்டும். அசெம்ப்ளியாக மாற்ற ஜாக்கும் ஸ்பேனரும் போதும், திரும்பி வந்தால் பழி கம்பெனி மேல் போகும். அவர்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் நியாயம்தான், பணம் நம்முடையது என்பதுதான் சிக்கல்.

முதலில் வண்டியை நிறுத்துங்கள்

ஸ்லிப் ஆகும் (எஞ்சின் எகிறியும் வேகம் ஏறாத) வண்டியை "இன்னும் ரெண்டு நாள் ஓட்டிப் பார்ப்போம்" என்று ஓட்டினால், சாலினாய்டு என்ற சின்ன வால்வில் முடிந்திருக்க வேண்டியது, கியரைப் பிடித்து வைக்கும் கிளட்ச் பிளேட்டில் வந்து நிற்கும். ஆயில் அழுத்தம் குறைந்தால் பிளேட்டுகள் இறுகப் பிடிக்காமல் தேயும், தேய்ந்தால் சூடாகும், சூட்டில் ஆயில் கெடும், கெட்ட ஆயில் மிச்சத்தையும் கெடுக்கும். கயிறு கட்டி இழுப்பதும் கூடாது. பெரும்பாலான ஆட்டோமேட்டிக் பெட்டிகளில் ஆயில் பம்ப்பைச் சுழற்றுவது எஞ்சின்தான். எஞ்சின் நின்றிருக்கும்போது சக்கரம் மட்டும் சுழன்றால் உள்ளே எல்லாம் ஆயில் இல்லாமல் உரசும். நான்கு சக்கரமும் தரையில் படாமல் ஏற்றிக்கொண்டு போகும் ரெக்கவரி வண்டியைக் கூப்பிடுங்கள். நியூட்ரலில் போட்டு அண்ணன் பையனின் ஸ்கார்ப்பியோவில் கட்டி இழுத்து வந்த ஒருவரை எனக்குத் தெரியும், நாலாயிரம் மிச்சம் பிடித்தார், பெட்டியை முழுசாகத் தொலைத்தார்.

கம்ப்யூட்டர் போட்டுப் பார்த்தேன் என்றால்?

"ஸ்கேன் பண்ணிட்டோம் சார்" என்பார்கள். என்ன கோடு (கோளாறைக் குறிக்கும் குறியீட்டு எண்) வந்தது என்று கேளுங்கள், எழுதி வாங்குங்கள். எனக்கு முதல் இடத்தில் சொன்னது பி0700. அதற்கு அர்த்தம் ஒன்றுதான்: கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரிடம் ஏதோ புகார் இருக்கிறது, அதைப் போய்க் கேள். வாசலில் நிற்கும் வாட்ச்மேன் "உள்ளே யாரோ கூப்பிடுறாங்க" என்று சொல்வதைப் போலத்தான் அது. உள்ளே போய்க் கேட்காமலேயே இரண்டு லட்சத்துக்குக் கொட்டேஷன் போட்டுவிட்டார்கள். மலிவான ஸ்கேனர்கள் பல எஞ்சின் கம்ப்யூட்டரோடு நின்றுவிடும், கியர்பாக்ஸ் கம்ப்யூட்டருக்குள் போய்ப் படிக்கிற ஸ்கேனர் வேண்டும்.

இரண்டாவதாகப் போன இடத்தில் அப்படிப் படித்தபோது வந்தது பி0755. ஷிப்ட் சாலினாய்டுகளில் ஒன்று. சாலினாய்டு என்பது மின்சாரம் கொடுத்தால் ஆயில் வழியைத் திறந்து மூடும் ஒரு சின்ன வால்வு, கட்டைவிரல் பருமன்தான் இருக்கும். மெக்கானிக் கனெக்டரைக் கழற்றி மல்டிமீட்டரை வைத்து ஒவ்வொன்றாக ரெசிஸ்டன்ஸ் பார்த்தார். மற்றதெல்லாம் ஒரே மாதிரி 5 ஓம் பக்கம் காட்ட, ஒன்று மட்டும் எதுவுமே காட்டவில்லை. உள்ளே காயில் அறுந்துவிட்டது. பெட்டியை இறக்கவே இல்லை, கீழே ஆயில் தேங்கும் சம்ப் தட்டைக் கழற்றி, சாலினாய்டுகள் உட்காரும் வால்வ் பாடியை எடுத்து, அந்த ஒன்றை மாற்றி, புது ஃபில்டர், புது கேஸ்கட், ஆயில் இரண்டு தடவை மாற்றினார். அதற்குத்தான் அந்த 31,000.

வேறு சில கோடுகளும் தெரிந்திருக்கட்டும். பி0741 என்றால் டார்க் கன்வர்ட்டரின் (எஞ்சின் சுழற்சியை ஆயில் வழியாகப் பெட்டிக்குக் கடத்தும் பகுதி) லாக்கப், அதாவது இரண்டையும் நேராகப் பூட்டும் கிளட்ச், பிடிக்கவில்லை. பி0730 என்றால் கியர் விகிதம் தப்பாக வருகிறது, அதாவது எங்கோ நிஜமாகவே ஸ்லிப் ஆகிறது, இது கொஞ்சம் கவலைப்பட வேண்டிய கோடு. ஆனால் எந்தக் கோடாக இருந்தாலும் "இந்த வழியில் தேடு" என்றுதான் சொல்லும், "இதை மாற்று" என்று சொல்லாது. வயர் அறுந்தாலும், கனெக்டருக்குள் ஆயில் ஏறினாலும் சாலினாய்டு கோடே வரும்.

அப்புறம் கியர்பாக்ஸே இல்லாத கோளாறுகள். பேட்டரி வோல்டேஜ் குறைந்தாலும், எர்த் வயர் துருப்பிடித்தாலும் கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர் கோமாளித்தனம் செய்யும். எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்ட் கிழிந்திருந்தால் பார்க்கிங்கிலிருந்து (பி) டிரைவுக்கு (டி) போடும்போது "டங்" என்று அடிக்கும், பழியைச் சுமப்பது பெட்டி. ஒரு சிலிண்டர் சரியாக எரியாவிட்டால் வரும் உதறலை கியர் உதறல் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். 60, 80 வேகத்தில் லேசாக மிதித்துப் போகும்போது சாலையின் ரம்பிள் கோடுகள் மேல் ஓடுவது மாதிரி நடுங்கினால், பின்னால் வண்டி வராத இடத்தில், பிரேக் விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் பெடலைத் தொட்டுப் பாருங்கள். பல வண்டிகளில் அந்த நொடி லாக்கப் விடுபடும். நடுக்கமும் அப்போதே நின்றால் சந்தேகம் கன்வர்ட்டர் மேல், முழுப் பெட்டி மேல் இல்லை. சில சமயம் ஆயில் மாற்றினாலே அது போய்விடுவதும் உண்டு.

ஆயிலைப் பாருங்கள், உங்கள் கண்ணால்

எனக்கு இதில் கொஞ்சம் பிடிவாதம். ஆயிலைப் பார்க்காமல் கியர்பாக்ஸ் போய்விட்டது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

முதலில் அளவு. சில வண்டிகளில் டிப்ஸ்டிக் இருக்கும், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க சூடாகப் பார்க்க வேண்டும். பல புது வண்டிகளில் டிப்ஸ்டிக்கே இல்லை. வண்டியைச் சமதளமாகத் தூக்கி, எஞ்சினை ஓடவிட்டு, ஆயில் சூடு கம்பெனி சொன்ன அளவுக்கு (பல பெட்டிகளில் 40 டிகிரி பக்கம்) வரும்போது கீழே உள்ள லெவல் நட்டைத் திறந்து சொட்டுச் சொட்டாக வழிகிறதா என்று பார்க்க வேண்டும். ஆயில் குறைந்து போய் ஸ்லிப் ஆகும் பெட்டிகளும் உண்டு, ஆக்ஸில் சீலில் கசிந்திருக்கும், ஆயிலைக் குளிர்விக்கும் கூலரின் குழாயில் கசிந்திருக்கும், சீலை மாற்றி ஆயில் ஊற்றினால் முடிந்தது. அதிகமாக ஊற்றுவதும் தப்பு, நுரைத்துப் போய் அதே ஸ்லிப் வரும்.

அடுத்து நிறம். புது ஆயில் பெரும்பாலும் சிவப்பு. பழுப்பானால் வயதாகிவிட்டது, அவ்வளவுதான். கறுத்துப் போய், அடிப்பிடித்த பாத்திரம் மாதிரி நாறினால் கிளட்ச் பிளேட்டுகள் கருகியிருக்கின்றன. ரோஸ் மில்க் மாதிரி இருந்தால் ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் உடைந்து கூலன்ட் கலந்துவிட்டது அல்லது வெள்ளத்தில் தண்ணீர் புகுந்துவிட்டது. அந்த நிறத்தைப் பார்த்தால் மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

அப்புறம் சம்ப் தட்டு. அதன் உள்ளே சின்னச் சின்னக் காந்தங்கள் இருக்கும். என் வண்டித் தட்டைக் கழற்றியபோது காந்தத்தின் மேல் விபூதியைக் குழைத்துப் பூசியது மாதிரி சாம்பல் நிறப் பசை. விரலில் தேய்த்தால் வழுவழுவென்று இருந்தது. பயந்துவிட்டேன். "92,000 ஓடின வண்டிக்கு இது கூட இல்லைன்னாதான் தப்பு சார்" என்று சிரித்துக்கொண்டே துடைத்துப் போட்டார் மெக்கானிக். விரலில் நறநறவென்று படுவது, ஜிகினாத் தூள் மாதிரி மின்னுவது, நகக்கீற்று மாதிரி இரும்புத் துணுக்கு, இவைதான் கெட்ட செய்தி. காந்தத்தில் ஒட்டாத பித்தளை, அலுமினியத் துணுக்குகளையும் விடாதீர்கள், தட்டின் மூலையில் வெள்ளை டிஷ்யூ பேப்பரால் ஒரு தடவை துடைத்தால் தெரியும். அந்தப் பேப்பரை போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த மெக்கானிக்கிடம் அரை மணி நேரம் பேசுவது மிச்சம்.

"ஆயில் மாத்தினதும் பாக்ஸ் போயிடும்" என்று ஒரு பயம் ஊரெல்லாம் உண்டு. ஏற்கெனவே கருகிய பெட்டியில் ஆயில் மாற்றிவிட்டு, அது நாலு நாளில் நின்றதும் ஆயில் மேல் பழி போடுவார்கள். ஆயுள் முழுக்க ஆயில் மாற்ற வேண்டாம் என்று சொல்லி விற்பதையும் நான் நம்பவில்லை. பி.எம்.டபிள்யூ.வுக்குப் பெட்டி செய்து கொடுக்கும் இசட்.எஃப். நிறுவனமே தன் பெட்டிகளுக்கு ஓட்டும் விதத்தைப் பொறுத்து 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது.

எந்த வகைப் பெட்டி?

ஆட்டோமேட்டிக் என்று பொதுவாகச் சொல்கிறோம், உள்ளே நாலு ஜாதி.

ஏ.எம்.டி. என்றால் உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் பெட்டிதான், கிளட்சை மிதித்து கியர் போடும் வேலையை மட்டும் ஓர் இயந்திரம் செய்கிறது. 2014-இல் மாருதி செலேரியோவில் வந்த பிறகுதான் நம் ஊரில் இது பரவியது. இதில் கெடுவது கிளட்ச் செட், ஆக்சுவேட்டர், அதன் பம்ப், சென்சார். பிரேக் சுவிட்ச் கெட்டாலே கியர் விழாது, அது சில நூறு ரூபாய் சாமான். ஏ.எம்.டி. வண்டிக்கு யாராவது முழுப் பெட்டி மாற்றச் சொன்னால், வண்டியை வெளியே எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

டார்க் கன்வர்ட்டர் பெட்டி பழைய, உறுதியான வகை, ஓவர்ஹால் செய்யத் தெரிந்தவர்கள் சென்னை, கோவை பக்கம் கிடைப்பார்கள். சீல் கிட், கிளட்ச் பிளேட் செட், ஃபில்டர், கன்வர்ட்டர் இவ்வளவோடு முடிந்தால் ரிப்பேர்தான் சரி. பிளானட்டரி கியர் (உள்ளே இருக்கும் பல் சக்கரத் தொகுதி) உடைந்தோ, கிளட்ச் டிரம்மில் கீறல் விழுந்தோ, பம்ப் அரைபட்டோ இருந்தால் தனித்தனியாகச் சாமான் தேடி அலைவதைவிட வேறு பெட்டி வாங்குவது மேல்.

சி.வி.டி.யில் பல் சக்கரத்துக்குப் பதில் ஓர் இரும்பு பெல்ட்டும் இரண்டு புல்லிகளும். பெல்ட் ஒரு தடவை வழுக்கிப் புல்லியில் கீறல் விழுந்துவிட்டால் அதைச் சரிசெய்யும் கை இங்கே ரொம்பக் குறைவு, ஊளைச் சத்தமும் சம்ப்பில் இரும்பும் சேர்ந்து வந்தால் மாற்றுவதைப் பற்றி மட்டும் யோசியுங்கள். வால்வ் பாடி, சென்சார் கோளாறு என்றால் ரிப்பேர் செய்யலாம். ஆயில் விஷயத்தில் இதில் விளையாடக் கூடாது, சி.வி.டி.க்கு மற்ற ஆட்டோமேட்டிக் பெட்டிகளுக்கான சாதாரண ஆயிலை (ஏ.டி.எஃப்.) ஊற்றினால் பெட்டி போய்விடும்.

இரண்டு கிளட்ச் மாறி மாறிப் பிடிக்கும் டூயல் கிளட்ச், அதிலும் ஆயிலில் ஊறாத டிரை கிளட்ச் வகை, ஊர்ந்து ஊர்ந்து போகும் டிராஃபிக்கில் சூடாகித் தேயும். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா வண்டிகளில் வந்த ஏழு கியர் டிகியூ200 பெட்டியில் பல் சக்கரங்களைவிட அதிகம் கெடுவது மெக்கட்ரானிக் என்ற கட்டுப்பாட்டுப் பகுதி. அதில் ஆயில் அழுத்தத்தைச் சேர்த்து வைக்கும் அக்யூமுலேட்டர் உட்காரும் இடம் விரிசல் விட்டு அழுத்தம் போய்விடும், பி17பிஎஃப் என்று கோடு வரும், மீட்டரில் ஸ்பேனர் குறி கண் சிமிட்டும். அந்த விரிசலுக்கென்றே வலுவான புது ஹவுசிங்கோடு ரிப்பேர் கிட் வெளியில் கிடைக்கிறது, முழு மெக்கட்ரானிக் விலையில் ஒரு பகுதிதான். இதே பெட்டிக்கு 2013-இல் உலகம் முழுக்க வண்டிகளைத் திரும்ப அழைத்து சிந்தெட்டிக் ஆயிலை எடுத்துவிட்டு மினரல் ஆயில் ஊற்றினார்கள். அமெரிக்காவில் நிஸான் தன் சி.வி.டி.க்குச் சில மாடல்களில் வாரன்டியை நீட்டிக் கொடுத்தது. இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், காசு எடுப்பதற்கு முன் உங்கள் சேசிஸ் நம்பரைக் கொடுத்து ரீகால், நீட்டிப்பு வாரன்டி ஏதாவது இருக்கிறதா என்று கம்பெனியில் கேளுங்கள். வாரன்டி சமீபத்தில்தான் முடிந்திருந்தால், ஒழுங்காக சர்வீஸ் செய்த பில்களோடு குட்வில்லாக (கடமை இல்லாவிட்டாலும் நல்லெண்ணத்தில்) செலவில் ஒரு பங்கு தரச் சொல்லி மெயில் போடுங்கள். மறுத்தால் நஷ்டம் ஒரு மெயில்தான்.

மச்சான் கதை

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் முடிச்சூரில் நின்றிருந்த வண்டி. கதவு பாதி வரை இரண்டு நாள் தண்ணீர். வடிந்த பிறகு எஞ்சின் ஆயில் மட்டும் மாற்றி ஓட்டினார், மூன்று வாரம் நன்றாகவே ஓடியது, அதனால் யாரும் கியர்பாக்ஸைப் பற்றி யோசிக்கவில்லை. பெட்டியின் மேல் காற்றுப் போக ஒரு பிரீதர் துளை உண்டு, அது வழியாகத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. கிளட்ச் பிளேட்டில் பிடிமானத்துக்கு ஒட்டியிருப்பது காகிதம் மாதிரியான ஒரு பொருள், தண்ணீரை உறிஞ்சினால் பசை விட்டு உரிந்துவிடும். திறந்தபோது சுவரொட்டி மழையில் கழன்றது மாதிரி கழன்று கிடந்தது, வால்வ் பாடியில் துரு. சாதாரண இன்சூரன்ஸ் பாலிசியில் இதற்குப் பணம் வராது, எஞ்சின், கியர்பாக்ஸுக்கென்று தனியாக ஆட்-ஆன் எடுத்திருக்க வேண்டும். அவர் எடுக்கவில்லை.

முழு ஓவர்ஹாலுக்கு 1,35,000 கேட்டார்கள், கேரன்டி கிடையாது. சென்னையில் பழைய வண்டிச் சாமான் விற்கும் புதுப்பேட்டையில் அதே மாடல் பெட்டி 70,000-க்குக் கிடைத்தது, கூலர், சீல்கள், ஆயில், கூலி எல்லாம் சேர்த்து 1,10,000. மாற்றியதுதான் சரி.

பழைய பெட்டி வாங்குபவர்கள் கவனிக்க: பெட்டியின் மேல் இருக்கும் கோடு எழுத்துகள் உங்கள் பெட்டியோடு ஒத்துப்போக வேண்டும், ஒரே மாடலில் இரண்டு விதமான பெட்டி வந்திருக்கும். காசு கொடுப்பதற்கு முன் சம்ப் தட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள், மறுத்தால் அடுத்த கடை. எஞ்சினோடு சேரும் மணி வடிவப் பகுதிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள், காய்ந்த சேறு தெரிந்தால் அதுவும் வெள்ளத்தில் மூழ்கிய வண்டியின் பெட்டிதான், காயலான் கடைக்கு வருவதில் அந்த மாதிரி நிறைய. ஆறு மாத வாரன்டி என்பார்கள், பெட்டிக்கு மட்டுமா, இறக்கி ஏற்றும் கூலிக்கும் சேர்த்தா என்று பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள்.

கணக்கு

"வண்டி மதிப்பில் பாதிக்கு மேல் செலவு வந்தால் தூக்கிப் போடு" என்று ஒரு விதி சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. தூக்கிப் போட்டுவிட்டு நடந்தா போகப் போகிறோம்? அடுத்த வண்டிக்கு ஆகும் பணத்தை அந்த விதி பார்ப்பதே இல்லை.

இப்படிப் போடுங்கள். நல்ல நிலையில் வண்டி 4,50,000 போகும், கெட்ட கியர்பாக்ஸோடு தரகர் 2,20,000 கொடுக்கிறேன் என்கிறார். வித்தியாசம் 2,30,000. ரிப்பேர் 95,000 என்றால் விற்கும் எண்ணம் இருந்தால்கூட ரிப்பேர் செய்துவிட்டு விற்பதே லாபம். ரிப்பேர் 2,40,000 என்றால் இருப்பது போலவே தள்ளிவிடலாம். நடுவில் நிற்கும் தொகைக்கு, வண்டியில் அடுத்த ஒரு வருடத்தில் வரப்போகும் மற்ற செலவையும் சேருங்கள்: டயர், சஸ்பென்ஷன், ஏ.சி. கம்ப்ரஸர். பதினைந்து வருடம் நெருங்கி ஆர்.சி. புதுப்பிக்க வேண்டிய வண்டி என்றால் நான் பெட்டிக்குப் பெரிய பணம் போட மாட்டேன். எஞ்சின் நன்றாக இருந்து, வண்டியின் வரலாறு முழுக்க உங்களுக்கே தெரியும் என்றால், நாலரை லட்சத்துக்கு நீங்கள் வாங்கப் போகும் இன்னொரு பழைய ஆட்டோமேட்டிக்கின் பெட்டி எந்த நிலையில் இருக்கும் என்றும் ஒரு நிமிடம் யோசியுங்கள்.

கொட்டேஷன் வாங்கும்போது பெட்டியை இறக்கித் திறந்து பார்க்க மட்டும் எவ்வளவு, பார்த்த பிறகு வேண்டாம் என்றால் எவ்வளவு என்று முதலிலேயே பேசிவிடுங்கள். பெட்டி உங்கள் வண்டியிலிருந்து கழன்று மேசை மேல் கிடக்கும்போது பேரம் பேச முடியாது. கன்வர்ட்டர், ஆயில், கூலர் சுத்தம் செய்வது, கம்ப்யூட்டரைப் பெட்டிக்குப் பழக்கும் அடாப்டேஷன், ஜி.எஸ்.டி. எல்லாம் அந்தத் தொகையில் அடக்கமா என்று தனித்தனியாகக் கேளுங்கள். கூலரை விட்டுவிட்டால் பழைய பெட்டியின் இரும்புத் தூள் அதில் இருந்து புதுப் பெட்டிக்கே வந்து சேரும், மாற்றிய பெட்டி ஆறே மாதத்தில் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மாட்டும்போது பக்கத்தில் நிற்க முடிந்தால் ஒன்றை மட்டும் பாருங்கள். கன்வர்ட்டரைப் பெட்டிக்குள் சுழற்றிச் சுழற்றி இறக்குவார்கள், "டக், டக், டக்" என்று பெரும்பாலும் மூன்று படியாக உள்ளே போய் உட்காரும். மூன்றாவது சத்தம் வராமலேயே போல்ட்டை இறுக்கி எஞ்சினோடு சேர்த்தால் பம்ப் உடைந்துவிடும், ஸ்டார்ட் செய்யும்போதுதான் தெரியும்.

மாட்டிய பிறகு முதல் சில நாள் கியர் கொஞ்சம் முரண்டு பிடிக்கலாம், கம்ப்யூட்டர் புதிதாகக் கற்றுக்கொள்கிறது. 1,000 கிலோமீட்டர் ஓடியதும் கொண்டுபோய் லெவலும் கசிவும் பார்த்துவிட்டு, வாரன்டி பில்லில் அன்றைய கிலோமீட்டரை எழுதிக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கழற்றிய பழைய சாமானையும் கேட்டு வாங்கி வாருங்கள், என் சாலினாய்டு இன்னும் டிக்கியில்தான் கிடக்கிறது.